பாரசீகம் பேசும் சமூகங்களுக்கு அமெரிக்காவில் மானியம் கேட்பது எப்படி

மானிய விண்ணப்பம் என்றதும் பலரும் முதலில் திறப்பது வேர்டு கோப்பை. திறக்க வேண்டியது காகிதங்கள் இருக்கும் அலமாரியை. வரிவிலக்குக் கடிதம், மாநிலப் பதிவு, சென்ற ஆண்டுக் கணக்கு, இயக்குநர் குழுப் பட்டியல் ஆகியவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும், காலாவதி ஆகியிருந்தாலும், எவ்வளவு அழகாக எழுதிய விண்ணப்பமும் முதல் மேசையைத் தாண்டாது. ஈரானிய, ஆப்கானிய, தாஜிக் மக்களிடையே வேலை செய்யும் அமைப்புகளுக்கு இதோடு இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு. ‘பாரசீக மொழிச் சமூகம்’ என்பது யார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஈரான் மீதான பொருளாதாரத் தடைச் சட்டங்களையும் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அமெரிக்க நடைமுறையை, குறிப்பாக ஈரானியர் அதிகம் வாழும் கலிபோர்னியாவை வைத்து எழுதப்பட்டது.

யாருக்காகக் கேட்கிறீர்கள்

‘ஈரானியர்’ என்பதும் ‘பாரசீகம் பேசுவோர்’ என்பதும் ஒன்றல்ல. ஈரானியர்களில் அஜெரி, குர்து, ஆர்மீனியர் என்று வீட்டில் வேறு மொழி பேசுவோர் ஏராளம். பாரசீகம் பேசுவோரிலோ ஈரானின் ஃபார்சி, ஆப்கானிஸ்தானின் தாரி, தாஜிகிஸ்தானின் தாஜிக் மூன்றும் அடக்கம். ஃபார்சியும் தாரியும் அரபு எழுத்தில், தாஜிக் சிரிலிக் எழுத்தில்.

இது மொழியியல் நுணுக்கத்தோடு நிற்பதில்லை, பணத்தைத் தொடும் விஷயம். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அமெரிக்கா வந்த ஆப்கானியக் குடும்பங்களுக்கான நிதி பெரும்பாலும் அகதிகள் மறுவாழ்வுக் கணக்கிலிருந்து வருகிறது. நாற்பது ஆண்டுகளாக லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் ஈரானிய முதியவர்களுக்கான நிதி முதியோர் நலம், மனநலம், பண்பாடு என்ற தலைப்புகளில் கிடைக்கும். இரண்டு குழுவையும் ஒரே விண்ணப்பத்தில் அடைத்தால் இரண்டு பக்கமும் ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று திருப்பிவிடும்.

ஆகவே முதல் வேலை, ஒரே வாக்கியத்தில் எழுதுவது: எந்த ஊரில், எந்த மொழி பேசும், எந்த வயதுள்ள, எத்தனை பேருக்கு, எத்தனை மாதத்தில், என்ன. ‘பாரசீகச் சமூகத்தை மேம்படுத்துதல்’ என்பதை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. ‘சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், தாரி பேசும் 18 தாய்மார்களுக்கு 12 வார ஆங்கில வகுப்பு, கூடவே குழந்தை பராமரிப்பு’ என்றால் படிப்பவர் உடனே பட்ஜெட் பக்கத்தைத் தேடுவார்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

கூட்டாட்சி வருமானவரித் துறையான ஐஆர்எஸ் தரும் 501(சி)(3) என்ற வரிவிலக்கு அங்கீகாரக் கடிதம்தான் அடிப்படை. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டின் வருமானமும் 50,000 டாலரைத் தாண்டாமலும் சொத்து 250,000 டாலருக்குள்ளும் இருந்தால் 1023-ஈஇசட் என்ற சுருக்கப் படிவம் போதும். கட்டணம் 275 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான உத்தேச வருமானமும் இதே வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாண்டும் என்றால் முழு 1023 படிவம், 600 டாலர். அமைப்பைப் பதிவு செய்த 27 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், அமைப்பு தொடங்கிய நாளிலிருந்தே அங்கீகாரம் செல்லும்.

அங்கீகாரம் கிடைத்ததோடு வேலை முடியாது. ஆண்டு வருமானம் வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தாலும் 990-என் என்ற சிறு மின்படிவத்தை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவர்களுக்குக் கடைசி நாள் மே 15. தொடர்ந்து மூன்று ஆண்டு அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். தன்னார்வலர்கள் மாறி மாறி நடத்தும் மொழிப் பள்ளிகளிலும் கவிதை வட்டங்களிலும் அடிக்கடி நடக்கும் விபத்து இது. பழைய பொருளாளரின் மின்னஞ்சலுக்கே நினைவூட்டல்கள் போய்க்கொண்டிருக்கும். புதியவருக்கு விஷயமே தெரியாது. ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் அமைப்பின் பெயரை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். நிதி தருபவர்களும் அங்கேதான் தேடுவார்கள்.

கலிபோர்னியாவில் இன்னொரு கதவு உண்டு. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் அறநிறுவனப் பதிவேட்டில், முதல் சொத்து கைக்கு வந்த 30 நாளுக்குள் சிடி-1 என்ற பதிவுப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு ஆண்டுதோறும் ஆர்ஆர்எஃப்-1 என்ற புதுப்பிப்புப் படிவம். தவறினால் உங்கள் பெயருக்கு எதிரே ‘டெலின்குவென்ட்’ (கடமை தவறியது) என்று பொதுவெளியில் தெரியும். அந்தச் சொல் அங்கே நிற்கும்வரை மானியம் கேட்க வேண்டாம். முதலில் அதை நீக்குங்கள்.

வரிவிலக்கு இல்லாத புதுக் குழு என்றால் ஃபிஸ்கல் ஸ்பான்சர் வழி இருக்கிறது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற அமைப்பு உங்கள் பெயரில் வரும் பணத்தை வாங்கி, கணக்கு வைத்துத் தரும். அதற்கு வழக்கமாக 5 முதல் 15 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கழிவையும் பட்ஜெட்டில் ஒரு வரியாகக் காட்டுங்கள். கடைசி வாரத்தில் ஸ்பான்சர் தேடினால் கிடைக்காது. அவர்களின் இயக்குநர் குழுவும் ஒப்புதல் தர வேண்டுமே.

கூட்டாட்சி அரசின் பணம் வேண்டுமென்றால் சாம் டாட் கவ் தளத்தில் பதிவு கட்டாயம். 12 எழுத்தும் எண்ணும் கலந்த யுஇஐ அடையாளம் அங்கே இலவசமாகக் கிடைக்கும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்தது இதுதான். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெயரோ முகவரியோ ஆவணத்தோடு ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். ‘பதிவு செய்து தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று அரசு முத்திரை போன்ற ஒன்றோடு வரும் மின்னஞ்சல்களைக் குப்பையில் போடுங்கள்.

யாரிடம் கேட்பது

ஈரானியச் சமூகத்திலிருந்தே எழுந்த நிதி அமைப்புகள் சில உண்டு. 2000-இல் தொடங்கிய ரோஷன் கல்சுரல் ஹெரிடேஜ் இன்ஸ்டிடியூட் பாரசீக மொழி, பண்பாட்டுக் கல்வியில் கவனம் வைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஃபர்ஹங் பவுண்டேஷன் 2008 முதல் கலை, பண்பாட்டுப் பக்கம். சிலிக்கான் பள்ளத்தாக்கில் 2006-இல் உருவான பார்சா கம்யூனிட்டி பவுண்டேஷன் அமெரிக்காவின் முதல் பாரசீகச் சமூக அறக்கட்டளை என்று அறியப்படுவது. இவர்களில் யார் இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்கள், எந்தத் தலைப்புக்கு என்பதை அவரவர் தளத்தில் பார்த்துவிட்டே எழுத்துக்குப் போங்கள்.

ஆனால் கண்ணை இந்தப் பெயர்களோடு மூடிக்கொள்வது தவறு. சமூகச் சேவைக்கான பணம் பெரும்பாலும் பொது வழிகளில்தான் இருக்கிறது: உள்ளூர் சமூக அறக்கட்டளை, கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் முதியோர் துறை, நகரின் பண்பாட்டுத் துறை, மருத்துவமனைகளின் சமூகநல நிதி. அங்கே உங்களோடு போட்டியிடுபவர்கள் பெரிய அமைப்புகள்; உங்கள் கையில் இருப்பதோ அவர்களால் பேச முடியாத மொழி. அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

ஓர் அறக்கட்டளை உண்மையில் யாருக்குத் தருகிறது என்பதை அதன் வரிப் படிவம் காட்டிக்கொடுக்கும். தனியார் அறக்கட்டளைகள் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் பொது ஆவணம். அந்த ஆண்டு யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்ற பட்டியல் அதில் இருக்கும். பொது அறநிறுவனங்கள் என்றால் 990 படிவத்தின் ஷெட்யூல் ஐ பகுதியில் 5,000 டாலருக்கு மேல் கொடுத்தவை தெரியும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரர் தளத்தில் இவற்றை இலவசமாகப் படிக்கலாம். மூன்று ஆண்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் அளவுள்ள அமைப்புகளுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். எல்லாமே 5,000–10,000 என்றால் 60,000 கேட்பது வீண். அதே 990-பிஎஃப்பில், ‘முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறோம், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை’ என்று குறிக்க ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறி இருந்தால் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்களின் குழுவில் யாரையாவது அறிந்தவர் மூலம் அறிமுகம் கிடைத்தால்தான் வழி.

எண்ணிக்கையை எங்கிருந்து எடுப்பது

‘எங்கள் பகுதியில் நிறைய ஈரானியர்கள் இருக்கிறார்கள்’ என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெடுங்காலமாக ஈரானியர்களை ‘வெள்ளையர்’ தலைப்பின் கீழே வைத்ததால் அவர்கள் எண்ணிக்கையில் மறைந்துபோனார்கள். 2020-இல் அந்தத் தலைப்பின் கீழே பூர்வீகத்தை எழுத இடம் வைத்தபோது, தனியாகவோ வேறு அடையாளத்தோடு சேர்த்தோ ஈரானியர் என்று எழுதியவர்கள் 568,564 பேர். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்ற தனிப்பிரிவைச் சேர்க்கக் கூட்டாட்சி விதி திருத்தப்பட்டது 2024 மார்ச்சில்தான். இந்தப் பின்னணியை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ‘ஏன் உங்கள் எண்ணிக்கை இவ்வளவு சிறிது’ என்ற கேள்வி வரும்.

உள்ளூர் எண்ணுக்கு, கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் எடுக்கும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் இரண்டு அட்டவணைகள் உதவும். பி04006 பூர்வீகம் சொல்லும். பி16001 வீட்டு மொழி சொல்லும். அதில் ஃபார்சியும் தாரியும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும், ஆங்கிலம் ‘மிக நன்றாக’ப் பேசாதவர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கும். ஆங்கில வகுப்புக்கும் மொழிபெயர்ப்புச் சேவைக்கும் அந்தக் கடைசி எண்தான் உயிர். ஆனால் பி16001 சின்னத் தெரு அளவுக்கு இறங்காது. குறைந்தது ஒரு லட்சம் பேர் கொண்ட பியூமா என்ற வட்டாரம்வரைதான். பிழை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால், கலிபோர்னியக் கல்வித் துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்தில் பள்ளிவாரியாக, ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் வீட்டு மொழி கிடைக்கும்.

நீங்களே சர்வே எடுத்தால் ஒரு பொறி இருக்கிறது. ஈரானியப் பழக்கத்தில் தாரோஃப் என்ற உபசார மரபு உண்டு. ஆப்கானியர்களிடமும் அதன் நிழல் இருக்கும். வந்தவரைச் சிரமப்படுத்தக் கூடாது, தன் குறையை அந்நியரிடம் சொல்லக் கூடாது. ‘உங்களுக்கு உதவி தேவையா?’ என்று எழுபது வயது அம்மாவிடம் கேட்டால், ‘இல்லை, நன்றாயிருக்கிறோம், தேநீர் குடியுங்கள்’ என்பார். அந்தப் பதிலை அட்டவணையில் ஏற்றினால் உங்கள் சமூகத்துக்கு ஒரு தேவையும் இல்லை என்றாகிவிடும். நடந்ததைக் கேளுங்கள்: ‘கடைசியாக டாக்டரிடம் போனபோது கூட வந்தது யார்? மொழிபெயர்த்தது யார்?’ ‘பன்னிரண்டு வயதுப் பேரன்’ என்ற பதில் வரும். அதுதான் விண்ணப்பத்தில் போக வேண்டிய தகவல்.

கேள்வித்தாளை ஃபார்சியில் மட்டும் அடிப்பதும் தவறு. மருத்துவமனைக்கு ஈரானில் ‘பீமாரெஸ்தான்’, காபூலில் ‘ஷஃபாகானா’. புரியாமல் போகாது, ஆனால் ‘இது எங்களுக்கானதல்ல’ என்ற எண்ணம் வந்துவிடும். இன்னொன்று, அச்சுக்குப் போகுமுன் பாரசீகம் படிக்கத் தெரிந்த ஒருவர் இறுதிப் பிடிஎஃப்பைப் பார்த்தே ஆக வேண்டும். வலமிருந்து இடம் போகும் எழுத்தைச் சில வடிவமைப்பு மென்பொருள்கள் திருப்பிப் போட்டு, சேர வேண்டிய எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். அப்படி அச்சான துண்டறிக்கையை இணைப்பாக வைத்த அமைப்பு தன் மொழித் திறமைக்குத் தானே எதிர்ச்சாட்சி சொல்கிறது.

பட்ஜெட்

மேலே சொன்ன தாரி வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 12 வாரம், வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஆக 24 அமர்வு, 48 மணி நேரம். கூலி விகிதங்கள் மாதிரிக்குத்தான். உங்கள் ஊர் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர், மணிக்கு 45 டாலர்: வகுப்பு 48 மணி, தயாரிப்பு 24 மணி, மொத்தம் 3,240. குழந்தை பராமரிப்பாளர் இருவர், முன்னும் பின்னும் அரை மணி சேர்த்து அமர்வுக்கு மூன்று மணி, மணிக்கு 20 டாலர்: 2,880. தாரி பேசும் ஒருங்கிணைப்பாளர், 14 வாரம், வாரம் ஐந்து மணி, மணிக்கு 30 டாலர்: 2,100. சம்பளம் மொத்தம் 8,220. இதன்மேல் முதலாளி பங்காகக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 7.65 விழுக்காடு: 629. பேருந்து, போக வர 3.50 டாலர், 18 பேருக்கு 24 நாள்: 1,512. பாடநூல் 20 படி, 25 டாலர் வீதம்: 500. அச்சு, தேநீர்: 240. கூட்டினால் 11,101. நிர்வாகச் செலவு 15 விழுக்காடு: 1,665. ஆக மொத்தம் 12,766 டாலர், ஆளுக்கு ஏறத்தாழ 709.

இதில் புதியவர்கள் விடுவது மூன்று. ஒருங்கிணைப்பாளருக்கு வகுப்பைவிட இரண்டு வாரம் கூடுதல் ஏன் என்றால், ஆட்களைச் சேர்க்க ஒரு வாரம், அறிக்கைக்கு ஒரு வாரம். குழந்தை பராமரிப்பை வெட்டினால் நான்காம் வாரத்தில் வகுப்பு பாதியாகும். அதைத் தற்காத்து ஒரு வரி எழுதுங்கள். நிர்வாகச் செலவைப் போட வெட்கப்படாதீர்கள். தனியாக விகிதம் பேசிக்கொள்ளாத அமைப்பும் கூட்டாட்சி மானியத்தில் 15 விழுக்காடு வரை எடுக்கலாம் என்று 2024 அக்டோபர் முதல் விதி. அதற்கு முன்பு 10. தனியார் அறக்கட்டளைகளின் வரம்பு வேறுபடும். நூலகம் கூடத்தை இலவசமாகத் தந்தால் அதன் வாடகை மதிப்பை ‘பொருளாக வந்த பங்களிப்பு’ என்று தனிப் பத்தியில் காட்டுங்கள். கேட்கும் தொகையோடு கலக்க வேண்டாம்.

அரசு மானியங்களில் பல முதலில் செலவு செய்தபின் திருப்பித் தருபவை. கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் கையெழுத்துப் போட்டால், வெற்றியே ஆசிரியரின் சம்பளத்தை நிறுத்திவிடும்.

ஒரு டாலராவது ஈரானுக்குள் போகிறதா

விண்ணப்பத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். அமெரிக்காவில் மட்டும் செய்யும் வேலை என்றால் அதையே எழுதுங்கள்: ‘எல்லாச் செலவும் அமெரிக்காவுக்குள்’. பாதிக் கவலை அங்கேயே தீரும்.

ஈரானுக்குள் உதவி போகிறதென்றால், நிதித் துறையின் ஓஃபாக் அலுவலகம் நடத்தும் தடை விதிகள் வருகின்றன. 2013 செப்டம்பரில் வந்த ஜெனரல் லைசன்ஸ் ஈ என்ற பொது உரிமம், அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்புகள் அடிப்படை மனிதத் தேவை, பேரிடர் மறுசீரமைப்பு, சூழல் பாதுகாப்பு, மனித உரிமை போன்ற குறிப்பிட்ட பணிகளைத் தனி அனுமதியின்றிச் செய்ய வழிவிட்டது. ஆனால் 12 மாதத்துக்கு 500,000 டாலர் வரம்பும், காலாண்டு அறிக்கைக் கடமையும், தடைப்பட்டியலில் உள்ளவர்களோடு தொடர்பு கூடாது என்ற நிபந்தனையும் அதோடு ஒட்டியவை. உரிமத்தின் பட்டியலில் இல்லாத பணி என்றால் தனி அனுமதி கேட்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ‘ஊருக்குப் போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பினால் போகிறது’. குடும்பத்துக்கு அனுப்பும் தனிப்பட்ட பணத்துக்கு விதியில் இடம் உண்டு. ஒரு நிறுவனத்துக்கான நன்கொடை அந்தச் சலுகைக்குள் வராது. ஆப்கானிஸ்தானுக்கு வேறு விதிகள், 2022 பிப்ரவரியின் ஜெனரல் லைசன்ஸ் 20-உம் அதில் ஒன்று. ஈரான் விதியை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். எல்லை தாண்டும் எந்தத் திட்டத்துக்கும் தடைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரின் ஒருமணி நேரக் கட்டணத்தைப் பட்ஜெட்டில் சேருங்கள்.

உள்நாட்டுப் பரிமாற்றமும் சிக்கலாம். ‘ஈரான் நவ்ரூஸ் விழா’ (நவ்ரூஸ் என்பது பாரசீகப் புத்தாண்டு) என்று குறிப்பெழுதிச் செயலி வழியே அனுப்பிய பணம் தானியங்கிச் சோதனையில் நின்றுவிடக்கூடும். ‘வசந்த விழா, விலைச்சீட்டு எண் 14’ என்பது போல விலைச்சீட்டு எண்ணோடு எழுதுங்கள். வங்கி கேட்டால் எதற்கான பணம் என்று மறைக்காமல் சொல்லி, விலைச்சீட்டின் படியைக் கொடுங்கள். தடைச் சட்டத்துக்கு உட்பட்ட பரிமாற்றங்களின் ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய காலம் 2025 மார்ச்சிலிருந்து ஐந்தல்ல, பத்து ஆண்டு.

அனுப்பும் வாரமும் அதன் பிறகும்

நவ்ரூஸ் மார்ச் 20-ஐ ஒட்டி வரும். அந்த விழாவுக்கான பணம் வேண்டுமென்றால் முந்தைய கோடையிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மார்ச் கடைசியில் கெடு வரும் விண்ணப்பங்களுக்கு ஆதரவுக் கடிதங்களைப் பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள். நவ்ரூஸிலிருந்து பதின்மூன்றாம் நாள் வரை உறவு வீடுகளைச் சுற்றிக்கொண்டிருப்பவர்களிடம் கையெழுத்து கிடைக்காது. சிபாரிசு என்று தமிழில் நாம் சொல்லும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் ‘நல்ல அமைப்பு’ என்ற சிபாரிசுக் கடிதம் பயனற்றது. பள்ளி முதல்வர் ‘வாரம் இரண்டு நாள் அறை தருகிறோம்’ என்றும், மருத்துவமனை ‘எங்கள் தாரி நோயாளிகளை அனுப்புகிறோம்’ என்றும் எழுதட்டும்.

501(சி)(3) அமைப்பு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ முடியாது. புலம்பெயர்ந்த ஈரானிய அரசியல் எவ்வளவு கொதிக்கும் என்பது தெரிந்ததே. இயக்குநர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் என்ன எழுதினாலும், அமைப்பின் பக்கத்தில் அது வராமல் ஒரு சிறு விதியை எழுத்தில் வைத்திருங்கள். நிதி தருபவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

மறுப்பு வந்தால் இரண்டு வாரத்துக்குள் நன்றி சொல்லி, எந்தப் பகுதி பலவீனம் என்று மட்டும் கேளுங்கள். அரசு மானியங்களில் மதிப்பீட்டாளர் குறிப்பைப் பெரும்பாலும் தருவார்கள்.

பணம் வந்தால் அன்றே தனி கணக்குத் தலைப்பைத் திறந்து, ஒவ்வொரு ரசீதிலும் மானிய எண்ணை எழுதுங்கள் (ரசீதும் பாரசீகச் சொல்தான்). வருகைப் பதிவில் முழுப்பெயருக்குப் பதில் குறியீட்டு எண் வையுங்கள்: அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் கையெழுத்துத் தாளைப் பார்த்துத் தயங்குவார்கள், முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், கடைசியில் 18 பேர் 23 பேராகக் கணக்கில் ஏறிவிடும். எண்ணுக்கும் பெயருக்குமான பொருத்தப் பட்டியலைப் பூட்டிய அலமாரியில் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். வகுப்பில் பதினெட்டுக்குப் பதில் பதின்மூன்று பேர்தான் நிலைத்தார்கள் என்றால் இறுதி அறிக்கை வரை காத்திருக்காமல் ஆறாம் வாரத்திலேயே அதிகாரிக்கு எழுதி, மிச்சமாகும் பேருந்துப் பணத்தை வேறு வரிக்கு மாற்ற அனுமதி கேளுங்கள்.